வன்னிக்கான அலையை வன்னியிலேயே வடிப்போம்



இந்த இதழ் உங்கள் கைக்கு வந்து சேரும்போது காலபோக விதைப்பு முடிந்து பயிர் பச்சை பிடித்திருக்கும். குளங்கள் நிறையத் தொடங்கியிருக்கும். இரணைமடுவில் எத்தனை அடி, முத்தையன்கட்டில் எத்தனை அடி, வவுனிக்குளம் வான் பாயுமா என்று சந்தையிலும் தேநீர்க்கடையிலும் பேச்சு நடக்கும். விடாமல் மழை கொட்டும் இரவுகளில் அந்தப் பேச்சு கவலையாக மாறுவதும் நம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கவலைக்கு ஒரு பதில் தேடியே, வானொலி அலைகள் பற்றியும் கம்பியில்லா மின்னணுக் கருவிகளை வடிவமைப்பது பற்றியும் இம்மாதச் சிறப்பிதழைக் கொண்டுவருகிறோம்.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தத் துறையில் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. பெரிய ஆய்வுகூடங்களில் பூட்டி வைக்கப்பட்டிருந்த அளவுகருவிகள் மாணவன் வாங்கக்கூடிய விலைக்கு இறங்கிவிட்டன. சுற்று வரையும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சில மில்லிவாற் சக்தியில் பல கிலோமீற்றர் பேசும் சிப்புகள் தபாலில் வந்து சேர்கின்றன. ஆகவே வன்னியின் காட்டுக்கும் குளத்துக்கும் கடலுக்கும் ஏற்ற கருவிகளை இங்கே வாழ்பவர்களே வடிவமைக்கும் காலம் வந்துவிட்டது என்று உறுதியாக நம்புகிறேன். வேறு ஊருக்காகச் செய்த கருவி இங்கே பாதி வேலைதான் செய்யும். ஏன் என்பதை இந்தப் பக்கத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நம் முன்னோர் செய்ததைப் பார்ப்போம். இலங்கையில் வானொலி பிறந்ததே கையில் கிடைத்த பாகங்களைக் கொண்டுதான். தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கம்பியில்லாக் கருவிப் பாகங்களை வைத்து ஒலிபரப்பி ஒன்றை உருவாக்கினார். பரிசோதனை ஒலிபரப்புகளுக்குப் பிறகு, 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. பிபிசி தொடங்கி அப்போது மூன்றே ஆண்டுகள். இன்னோர் இடத்திலிருந்து கருவி ஆயத்தமாக வரும் என்று ஹாப்பர் காத்திருந்திருந்தால் அந்த நாள் எவ்வளவு தள்ளிப்போயிருக்கும்!

வன்னிக்கும் அப்படியொரு பட்டறைக் காலம் இருந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். மின்சாரமும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் பிறந்த மின்னில் றேடியோ பேசியது. டைனமோ தருவது 6 வோல்ற் ஆடலோட்டம். றேடியோ கேட்பதோ நேரோட்டம். அதற்கு நான்கு டயோட்டுகளைப் பாலமாகக் கட்ட வேண்டும். சீராக்கிய பின்னும் மின்னில் எஞ்சும் ஏற்ற இறக்கத்தால் எழும் உறுமலை அடக்கப் பெரிய கொள்ளளவி ஒன்றும் வேண்டும். உயர்தரப் பௌதிகவியலில் இன்று படிக்கும் பாலச் சீராக்கியை, பழைய றேடியோக்களிலிருந்து கழற்றிய பாகங்களால் முற்றத்திலேயே கட்டினார்கள் அன்றைய பிள்ளைகள். பிபிசி தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் அப்படித்தான் கேட்கப்பட்டன. உறவுகள் எங்கே இருக்கிறார்கள், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அறிய வேறு வழியில்லாத நாட்களில், அலைவரிசையைத் தேடித் திருப்பிய விரல்கள் எவ்வளவு கூர்மையாக இருந்தன! அந்தக் கூர்மை இந்த மண்ணின் சொத்து. அதை நாம் இழந்துவிடக்கூடாது.

2004 டிசம்பர் 26 இன்னொரு பாடம். முல்லைத்தீவுக் கரையை ஆழிப்பேரலை அழித்த அதே நாளில், இந்து சமுத்திரத்தின் பல கரைகளில் தொலைபேசிகள் ஒரேயடியாக மௌனமாயின. அந்தமானில், போர்ட் பிளேயரில், பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் வானொலியாளரும் அவரது குழுவினரும் வேறொரு வானொலி முயற்சிக்காக ஏற்கெனவே சென்று தங்கியிருந்தார்கள். தீவுகளுக்கும் நிலப்பரப்புக்கும் இடையே செய்தி கொண்டுசென்றது அவர்களது குறுஅலைக் கருவிதான். இலங்கையில் விக்டர் குணதிலக தலைமையிலான அமெச்சூர் வானொலியாளர்கள் அம்பாந்தோட்டையிலிருந்து செய்தித் தொடர்பை ஏற்படுத்தினார்கள். ஒரு கம்பி, ஒரு வாகனப் பற்றறி, அலையை அறிந்த ஒரு மனிதர்: கோபுரங்கள் சாய்ந்த நாளில் போதுமாக இருந்தவை இவைதான்.

இனி, அலை ஏன் ஊருக்கு ஊர் வேறாக நடக்கிறது என்ற விடயத்துக்கு வருகிறேன்.

வானொலி அலை ஒரு கோடாகச் செல்வதாக நாம் நினைக்கிறோம். உண்மையில், அனுப்புமிடத்துக்கும் பெறுமிடத்துக்கும் இடையே நடுவில் பருத்த ஒரு வெளி முழுவதும் அதற்குத் தேவை. பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் பெயரால் அதை பிரெனெல் வலயம் என்கிறார்கள். 433 மெகாஹேர்ட்சில் 5 கிலோமீற்றர் தூரத்துக்கு ஓர் இணைப்பு அமைத்தால், நடுவழியில் அந்த வலயத்தின் ஆரை ஏறத்தாழ 29 மீற்றர். ஓங்கி வளர்ந்த பனை அளவு! குளக்கட்டில் நின்று பார்த்தால் எதிர்க்கரையின் கம்பம் கண்ணுக்குத் தெரியும்; ஆனால் இடையிலுள்ள பனங்கூடலும் பாலைமரக் காடும் வலயத்தின் கீழ்ப்பாதியை விழுங்கிவிடும். கண்ணுக்குத் தெரிவதால் அலைக்கும் வழி இருக்கிறது என்று சொல்ல முடியாது. வலயத்தில் ஐந்தில் மூன்று பங்காவது தடையில்லாமல் இருந்தால் நல்ல இணைப்பு கிடைக்கும் என்பது பொறியியலாளர்களின் கணக்கு.

குளம் இன்னொரு வேடிக்கை காட்டும். பரந்த நீர்ப்பரப்பு அலையைத் தெறிக்கச் செய்கிறது. நேராக வரும் அலையும் நீரில் பட்டுத் தெறித்து வரும் அலையும் பெறும் இடத்தில் சந்திக்கும்போது, சில வேளை ஒன்றையொன்று வலுப்படுத்தும், சில வேளை ஒன்றையொன்று அழித்துவிடும். நீர்மட்டம் உயர உயர, தெறித்து வரும் பாதையின் நீளம் மாறும். ஆவணியில் வற்றிய குளத்தருகே பிழையில்லாமல் வேலை செய்த இணைப்பு, மார்கழியில் நிறைந்த குளத்தருகே தடுமாறக்கூடும். நமக்குச் செய்தி மிகவும் தேவைப்படும் நேரமே கருவி சோதிக்கப்படும் நேரம். இலைகளும் அப்படித்தான். காய்ந்த காட்டைவிட மழையில் நனைந்த காடு அலையை அதிகமாக உறிஞ்சும். அதிர்வெண் கூடக்கூட அந்த இழப்பும் கூடும். வீட்டு வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை ஈரக் காட்டுக்குள் சீக்கிரமே களைத்துப்போகும்.

கடலோரத்தில் கதை வேறு. வெயில் காலத்து மாலைகளில் பாக்கு நீரிணை கடந்து தமிழகத்துப் பண்பலை திடீரெனத் தெளிவாகக் கேட்பது நம்மவர் பலருக்குப் பழகிய அனுபவம். கடலின்மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சூடான காற்றும் அடுக்காக நிற்கும்போது, அலை மேலே தப்பிப் போகாமல் அந்த அடுக்குக்குள் வளைந்து நெடுந்தூரம் போகிறது. இதையெல்லாம் கணினியில் ஓரளவுக்குத்தான் கணிக்கலாம். நெடுங்கேணிக் காட்டில் அலை எப்படி நடக்கிறது, நாயாற்றுக் கரையில் எப்படி நடக்கிறது என்பதை வருடம் முழுவதும் அளந்து பார்த்தால்தான் தெரியும். அப்படி அளக்கக்கூடியவர்கள் அங்கே வாழ்பவர்கள்.

தம் ஊருக்கு ஏற்ற அலையைத் தாமே வடித்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தொண்ணூறுகளில் சென்னை ஐஐடியில் பேராசிரியர்கள் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி ஆகியோரின் குழு ஒரு கேள்வியோடு உட்கார்ந்தது. கிராமங்களுக்குத் தொலைபேசிக் கம்பி இழுப்பதற்கு ஆகும் செலவு பெரிது. கம்பிக்குப் பதில் அலையை வைத்து அதைக் குறைக்க முடியாதா? மைடாஸ் என்ற சென்னை நிறுவனத்தோடும் அமெரிக்காவின் அனலொக் டிவைசஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து அவர்கள் கோர்டெக்ட் என்ற முறையை உருவாக்கினார்கள். ஐரோப்பாவில் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் பாவிக்கப்பட்ட ஒரு தரத்தை எடுத்து, 10 கிலோமீற்றர் வரை எட்டும் கிராமத் தொலைபேசியாக மாற்றினார்கள். ஒரே இணைப்பில் பேச்சும் இணையமும் சென்றன.

அண்மைய உதாரணம் இன்னும் தெளிவானது. 5ஜி தொழில்நுட்பத்துக்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சோதனை விதிகள் வகுத்தபோது, கிராமப்புறம் என்றால் கோபுரத்துக்குக் கோபுரம் சுமார் 1.7 கிலோமீற்றர் என்று எடுத்துக்கொண்டார்கள். எந்த நாட்டுக் கிராமத்துக்கு அது கட்டுப்படியாகும்? சென்னை, ஐதராபாத் ஐஐடிகளைச் சேர்ந்தவர்களும் அவர்களோடு இயங்கிய இந்திய நிறுவனங்களும் வாதாடி, 6 கிலோமீற்றர் இடைவெளியையும் ஒரு சோதனை நிலையாகச் சேர்க்க வைத்தார்கள். பெரிய பரப்பு, மெதுவாக நகரும் மக்கள் என்பதே அந்த நிலையின் அடிப்படை. ஏ9 வீதியில் மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவு வரை போய்ப் பாருங்கள். காடு, குளம், வயல், மறுபடியும் காடு. நடுவில் சிதறிய குடியிருப்புகள். நம் ஊர்களின் அமைப்பும் அதுதான். தரம் எழுதப்படும் மேசையில் நம் ஊரை அறிந்தவர் இருந்தால்தான் நம் ஊர் அந்தத் தரத்துக்குள் வரும்.

பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜின் பெயரையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்தியக் கடற்படையில் இருந்தபோது நீருக்கடியில் ஒலியால் தேடும் சோனார் கருவியை உருவாக்கியவர் அவர். பிறகு அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், சுவரிலும் மரத்திலும் தெறித்துப் பல பாதைகளில் வரும் அலைகளை, பல அன்ரெனாக்கள் கொண்டு தனித்தனிச் செய்திகளாகப் பிரித்தெடுக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். பேராசிரியர் தோமஸ் கைலத்தோடு சேர்ந்து அவர் பெற்ற காப்புரிமை 1994இல் வந்தது. அதுவரை தொல்லை என்று ஒதுக்கப்பட்ட தெறிப்பே அதிகத் தகவலைச் சுமக்கும் வழியாயிற்று. இன்று உங்கள் கைத்தொலைபேசியும் வீட்டு வைஃபையும் அந்தக் கருத்தில்தான் ஓடுகின்றன. 2014இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது.

இவ்வளவும் பெரிய நிறுவனங்களின் கதை, நமக்கு எட்டுமா என்று ஒரு மாணவி கேட்கலாம். மகளே, எட்டும். எப்படி என்று சொல்கிறேன்.

அன்ரெனா வடிவமைப்பவருக்கு மிகவும் வேண்டிய கருவி, அலை அன்ரெனாவுக்குள் போகிறதா, திரும்பி வருகிறதா என்று காட்டும் வலையமைப்புப் பகுப்பாய்வி. ஒரு காலத்தில் அதன் விலை பல்லாயிரம் டொலர். 2016இல் ஜப்பானியப் பொறியியலாளர் ஒருவர் உள்ளங்கையில் அடங்கும் நானோவிஎன்ஏவை வடிவமைத்து, வரைபடங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டார். 2019 வாக்கில் அது சுமார் 50 டொலருக்குச் சந்தைக்கு வந்தது. அதை வைத்து ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். 433 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 69 சென்றிமீற்றர். அதில் கால் பங்கு 17.3 சென்றிமீற்றர். செப்புக் கம்பி ஒன்றை அதைவிடச் சற்று நீளமாக வெட்டிக் கருவியில் பொருத்துங்கள். திரையில் ஒரு கோடு ஓடும். ஓரிடத்தில் பள்ளமாக விழும். கம்பி ஒலிக்க விரும்பும் அதிர்வெண் அதுதான். கம்பி நீளம் என்பதால் பள்ளம் 433க்குக் கீழே இருக்கும். நுனியில் ஒரு மில்லிமீற்றர் நறுக்குங்கள்: பள்ளம் ஏறத்தாழ 2.5 மெகாஹேர்ட்ஸ் மேலே நகரும். இன்னும் ஒரு மில்லிமீற்றர். பள்ளம் சரியாக வந்து அமர்ந்ததும் கம்பியருகே கையைக் கொண்டுபோங்கள். அது கீழே சரியும். பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வையுங்கள், மறுபடியும் சரியும். பெட்டியோடு சேர்த்துத்தான் அன்ரெனாவை வெட்ட வேண்டும் என்பதை அந்த நிமிடத்தில் கண் கற்றுக்கொள்ளும். மாதக்கணக்கில் சூத்திரம் எழுதிப் படிப்பது அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும்.

2012இல் இன்னொரு கதவு திறந்தது. கணினியில் தொலைக்காட்சி பார்க்க விற்ற மலிவான யுஎஸ்பி கருவி ஒன்று, உண்மையில் பரந்த அலைவரிசை முழுவதையும் கேட்கவல்லது என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். மென்பொருளால் இயங்கும் வானொலி அப்படியே மாணவர் மேசைக்கு வந்தது. சுற்றுப்பலகை வரையும் கைகேட் மென்பொருள் இலவசம். மின்காந்த அலையைக் கணினியில் ஓடவிடும் ஓப்பன்இஎம்எஸ் இலவசம். ஜேர்மனியின் ஐஎச்பி ஆய்வு நிறுவனம், அதியுயர் அதிர்வெண் சிப்புகளை வடிவமைப்பதற்கு வேண்டிய 130 நானோமீற்றர் தொழில்நுட்ப விபரங்களைத் திறந்தே வைத்திருக்கிறது. கிளிநொச்சியில் இருந்துகொண்டு ஒரு சிப்பின் வரைபடத்தை வடிக்கலாம் என்பது இன்று கற்பனை அல்ல.

குளத்துக்கு ஏற்ற அலை லோரா. பிரான்சின் கிரனோபிள் நகரில் சைக்கிளியோ என்ற சிறு நிறுவனம் உருவாக்கியது. 2012இல் அமெரிக்காவின் செம்ரெக் அதை வாங்கியது. குயில் கூவும்போது சுருதி கீழிருந்து மேலே ஏறுவதுபோல, இதன் அதிர்வெண் ஒவ்வொரு குறியீட்டிலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வழுக்கிச் செல்கிறது. அந்த ஏற்றம் எப்படி இருக்கும் என்று பெறும் சிப்புக்கு முன்பே தெரியும். ஆகவே இரைச்சலின் வலுவில் நூறில் ஒரு பங்கே உள்ள சிக்னலையும் அது அடையாளம் கண்டுவிடும். விலையாக வேகத்தைக் கொடுக்க வேண்டும்: மிக நீண்ட தூர நிலையில் நொடிக்குச் சுமார் 300 பிற் மட்டுமே. படம் அனுப்ப அது போதாது. ஆனால் குளம் சொல்ல வேண்டியது ஒரேயொரு எண், அதுவும் கால்மணி நேரத்துக்கு ஒரு தடவை. சிறு சூரியத் தகடும் சிறு பற்றறியும் அதற்குப் போதும். விண்வெளியிலும் லோராவைச் சோதித்தவர்களில் நம் நாட்டவர் இருக்கிறார்கள். தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா இருவரும் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவாக்கிய இராவணா-1 செய்மதி, 2019 ஜூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. ஒரு கிலோகிராமை ஒட்டிய எடையுள்ள அந்தச் சிறு செய்மதியின் பணிகளில் லோராச் சோதனையும் ஒன்று.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கமிருந்து வடக்கே ஓடி இரணைமடுவை நிறைக்கிறது. 2018 டிசம்பர் பிற்பகுதியில் ஒரே இரவில் பெய்த பெருமழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. வான்கதவுகள் திறந்த நேரம் பற்றிய பேச்சு நெடுநாள் நீடித்தது. ஆற்றின் மேற்பகுதியிலும் அதில் வந்து சேரும் சிறு குளங்களிலும் நீர்மட்டம் அளக்கும் சிறு நிலையங்கள் இருந்து, கால்மணிக்கொரு எண்ணை அனுப்பிக்கொண்டிருந்தால், கீழேயுள்ள ஊர்களுக்குக் கிடைக்கும் நேரம் விலைமதிப்பற்றது. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அளவீடுகளுக்குத் துணையாகவே இதைச் சொல்கிறேன். பெரிய குளங்களைக் கவனிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். கமக்காரர் அமைப்புகளின் பொறுப்பிலுள்ள சிறு குளங்கள்தான் இரவில் தனியே நிற்கின்றன.

கடலுக்கும் அப்படியே. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் இருந்த மீனவர்களைப் பிடித்தபோது, ஆழ்கடலில் நின்றவர்களுக்குச் செய்தி சொல்ல வழி இருக்கவில்லை. அதன்பின் இஸ்ரோ தன் செய்மதிகள் வழியே எச்சரிக்கை அனுப்பும் கருவிகளை மீனவர்களுக்காகக் கொண்டுவந்தது. முல்லைத்தீவின் சிறு படகுகளுக்கு அதைவிட எளிய உதவியும் உண்டு: உயரம். நீர்மட்டத்திலிருந்து 2 மீற்றர் உயரத்தில் அன்ரெனா வைத்த இரு படகுகளுக்கிடையே அலை நேராகச் செல்வது ஏறத்தாழ 11.5 கிலோமீற்றர்தான். கரையில் 20 மீற்றர் கம்பம் ஒன்றை நட்டால் படகுக்கும் கரைக்கும் இடையே அது 24 கிலோமீற்றர் ஆகும். சக்தியைக் கூட்டுவதைவிடக் கம்பத்தை உயர்த்துவது மலிவு.

இதைச் செய்யும் ஆட்களும் இடமும் நம்மிடம் இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. மின், மின்னணுப் பொறியியல் துறை அங்கே உண்டு. அதே வளாகத்தில் விவசாய பீடமும் இருப்பது பெரிய வாய்ப்பு. பம்பைமடுவில் 2021 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்து இயங்குகிறது. இந்த வளாகங்களுக்கும் ஒரு கமக்காரர் அமைப்புக்கும் ஒரு பாடசாலைக்கும் இடையே தொடர்பு ஏற்பட்டால் போதும். முதற்குளத்தில் முதற்கருவி நின்றுவிடும். நிற்பது சுலபம். அது ஒரு மாரியைத் தாண்ட வேண்டும், ஐப்பசி இடிமின்னலைத் தாங்க வேண்டும், பெட்டிக்குள் எறும்பு புகாமல் இருக்க வேண்டும். அந்தப் பராமரிப்புக்கும் சேர்த்தே திட்டமிடுங்கள் என்று பொறுப்பெடுப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

விதிகளையும் மறக்கக்கூடாது. அலைவரிசை பொதுச்சொத்து. எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு சக்தியில், எந்த அனுமதியோடு ஒலிபரப்பலாம் என்பதை இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வகுத்திருக்கிறது. கருவியை இயக்குமுன் அதை அறிந்து, உரிய அனுமதியைப் பெறுங்கள். அமெச்சூர் வானொலி உரிமத்துக்கான பரீட்சையை எழுதுங்கள்; தேறினால் இலங்கைக்குரிய 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். வன்னியின் ஒவ்வொரு பிரதேசத்திலும் அப்படி ஒருவராவது இருந்தால், கோபுரங்கள் ஓயும் நாளில் நமக்கென ஒரு குரல் இருக்கும்.

இந்த இதழின் மற்றப் பக்கங்களை இந்த எண்ணத்தோடு படியுங்கள். ஆசிரியர்களே, பாடசாலை விஞ்ஞான மன்றத்துக்கு ஒரு நானோவிஎன்ஏ வாங்க முடியுமா என்று பழைய மாணவர் சங்கத்திடம் பேசிப் பாருங்கள். புலம்பெயர்ந்த உறவுகளே, ஊருக்கு என்ன அனுப்பலாம் என்று கேட்கும்போது இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கமக்காரர்களே, கடற்றொழிலாளர்களே, உங்கள் குளத்தைப் பற்றி, உங்கள் கடலைப் பற்றி எந்தச் செய்தி எந்த நேரத்தில் கிடைத்தால் உதவும் என்று எங்களுக்கு எழுதுங்கள். மாணவர்களே, நீங்கள் வெட்டிய அன்ரெனா எந்த இடத்தில் எவ்வளவு தூரம் எட்டியது என்று அளந்து அனுப்புங்கள். மழைக்கு முன்னும் பின்னும் அளந்தால் இன்னும் நல்லது. வரும் அளவீடுகளை ஊர்ப் பெயரோடு அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம். வன்னியின் அலைநிலத்தை நாமே அளந்து வரையும் முதல் வரைபடம் அதுவாக இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்